கஸ்பாரின் கதவு

போர்தெலா கிராமத்தில் எல்லோருக்கும் வீட்டைக் கழற்ற நேரம் இருந்தது. மலையிலிருந்து எரிகுழம்பு ஆள் நடையைவிட மெதுவாகத்தான் வந்தது. கதவு, ஜன்னல், ஓடு, ஒயின் பீப்பாய் எல்லாம் வண்டிகளில் ஏறி, மலைவிளிம்பைத் தாண்டிக் கூடார முகாமுக்குப் போயின. சுவர்கள் வாய் திறந்து நின்றன.

என் அக்கா ஒலிந்தாவின் வீடு மட்டும் முழுசாக இருந்தது. அவள் கணவர் கஸ்பார் மாமா எதையும் தொட விடவில்லை.

போன முறை மலை வெடித்தபோது எரிகுழம்பு அவர் சமையலறைச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று உறைந்தது. அந்தக் கறுப்புப் பாறை இன்னும் அங்கேயே இருந்தது. மாமா அதன்மேல் சட்டை காயப்போடுவார். அதன் இடுக்கில் கோழி முட்டையிடும். குடித்த நாட்களில் அதைத் தட்டிக்கொடுத்து, "என் சுவத்தப் பாத்து நின்னவன்டா இவன்" என்பார்.

நேற்று சிப்பாய்கள் அவரைத் தூக்கி முகாமில் போட்டார்கள். விடிவதற்குள் நடந்தே திரும்பிவிட்டார். காலையில் நான் போனேன். வீட்டைக் காலி செய்தால் அவரும் வந்துவிடுவார் என்று கதவின் கீலில் கை வைத்தேன். வெட்டுக்கத்தியால் என் முழங்கையில் ஒரு கோடு இழுத்தார்.

"கதவு போனா வீடு செத்த மாதிரிடா, நிலோ. செத்த வீட்டத்தான் அது திங்கும்."

கையில் துணி சுற்றிக்கொண்டு முகாமுக்கு வந்தேன். அக்கா காயத்தைப் பார்த்தாள். எங்கள் ஊர் பெலிஸ்பெர்த்துவின் வண்டியில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறினாள். பெலிஸ்பெர்த்துவின் வீடு முந்தின நாளே எரிகுழம்புக்குள் போயிருந்தது. அவர் கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்தார். நான் பின்னால் தாவினேன்.

நாங்கள் போனபோது எரிகுழம்பின் முகம் வீட்டுக்குப் பின்னால் திராட்சைக் கொடி நட்ட குழிகளுக்கு வந்திருந்தது. வீட்டைவிட உயரம். மேலே கறுப்பு, வெடிப்புகளில் சிவப்பு. பாறைகள் உருண்டு விழும்போது பீங்கான் உடைவதுபோல் சத்தம். கொடிகள் அது தொடுமுன்னே எரிந்தன. கந்தகம் தொண்டையை அறுத்தது.

மாமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கத்தி. பக்கத்தில் ஒயின் பாட்டில்.

"பொண்டாட்டிய அனுப்பிட்டானுங்களா? சிப்பாய்ங்களுக்குக் கால் நடுங்குதோ?"

"எந்திரிய்யா" என்றாள் அக்கா.

"நீ போடி. நாளைக்கு வந்து இங்கயே சோளம் போட்டுக் கச்சுப்பா ஆக்குவ. நானே பீன்ஸ் உரிச்சுத் தரேன்."

"இருபது வருசமா ஒரு பீன்ஸ் உரிச்சதில்ல. இன்னிக்கு உரிக்கப் போறானாம்."

பெலிஸ்பெர்த்து சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பாட்டிலை எறிந்தார். அது அக்காவின் தோளில் பட்டுத் தெறித்தது. அவள் நிற்கவில்லை. அவர் கத்தியை ஓங்கியபடி எழுந்தார். அக்கா கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்துத் தாழ்வாக வீசினாள்.

முழங்காலில் விழுந்தது. ஈர விறகு முறிகிற சத்தம்.

அவர் குப்புற விழுந்தார். கத்தி எகிறிப் போனது. எழப் பார்த்தார். கால் வேறு பக்கம் மடங்கியது. அப்போதுதான் அலறினார்.

அக்கா அவரைத் தாண்டிப் போய்க் கீலுக்குள் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள்.

"கதவத் தொடாதடி! காலு போனா போகுது, கதவத் தொடாத!"

இரண்டாவது கீல் மரத்தோடு பிய்ந்து வந்தது. கதவைத் தரையில் போட்டாள்.

"தூக்கி இதுமேல போடுங்க அவன" என்றாள்.

போட்டோம். என் காயம் திறந்துகொண்டது. அவர் பெலிஸ்பெர்த்துவின் காதைக் கடித்தார். பெலிஸ்பெர்த்து அவர் வாயில் ஒரு குத்துவிட்டு, "மன்னிச்சிரு கஸ்பாரு" என்றார். கதவோடு வண்டியில் ஏற்றினோம். அக்கா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டாள். மாமா கையை எட்டி அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து இழுத்தார். அவள் தலை அவர் பக்கம் சாய்ந்தது. அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

மேட்டில் வண்டியின் சக்கரம் சாம்பலில் புதைந்து சுற்றியது. பெலிஸ்பெர்த்து வண்டியை முடுக்க, நான் இறங்கித் தள்ளினேன். அதனால் பார்க்க நேர்ந்தது.

எரிகுழம்பு முதலில் பழைய பாறைமேல் ஏறியது. அதை மூடியது. பிறகு சமையலறைச் சுவரில் சாய்ந்தது. சுவர் சற்று நேரம் தாங்கியது.

"நிக்குது பாரு" என்றார் மாமா. "நிக்குது, நிக்குது."

சுவர் உள்ளே விழுந்தது. மழைநீர்த் தொட்டி வெடித்து வெள்ளை ஆவி எழுந்தது. பீப்பாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒயின் கொதிக்கும் மணம் எங்கள்வரை வந்தது. கூரை முட்டிபோடுவதுபோல் இறங்கியது. வாசல், கதவில்லாத வாசல், கடைசியாகப் போனது.

மாமாவின் கை அக்காவின் கூந்தலிலேயே இருந்தது. அவர் உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது.

வண்டி சாம்பலைவிட்டு எகிறிக் கிளம்பியது. ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

"நாளைக்குத் திரும்ப வருவேன்" என்றார் மாமா.

"வா" என்றாள் அக்கா. "இன்னொரு காலு இருக்குல்ல."