துளிர்விட்ட ஜன்னல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி எட்டாம் தேதி காலையில், பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே ஓடிய தாட்சாயிணியின் பஸ்ஸில் இடப்பக்கத்து மூன்றாவது ஜன்னல் துளிர்விட்டது. இரண்டு இலை, நல்ல சிவப்புக் கொழுந்து. அன்றைக்குச் சந்தையில் கத்தரிக்காய் மலிவு.

பஸ் அவள் புருஷன் கங்காதரன் விட்டுப்போனது. மற்றவர்கள் தார்ப்பாய் தொங்கவிட்டு ஓட்டிய காலத்தில், தன் வண்டிக்குக் கண்ணாடிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று ஆறு ஜன்னல் வைத்தவர் அவர். வைத்தவர் காய்ச்சலில் போய்விட்டார். கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் வெடித்து, தண்ணீர் இறங்கி, தகடு துருப்பிடித்தது. மழை வந்தால் ஜன்னலோரத்துக்காரர்கள் பஸ்ஸுக்குள்ளேயே குடை பிடித்தார்கள். மோட்டார் இன்ஸ்பெக்டர் ஜானகிராமன் துருவில் விரலை வைத்தார்; விரல் அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தது. ஐப்பசி பதினைந்துக்குள் ஒழுகல் நிற்காவிட்டால் பெர்மிட் ரத்து என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த பெர்மிட்டை விட்டால் தாட்சாயிணிக்கு வேறு கதியில்லை. இரண்டு பெண்பிள்ளைகளோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டியதுதான்.

கரையான்சாவடி ஷெட்டில் மெக்கானிக் வேம்புலி வேலையைத் தொடங்கினான். பழைய ரப்பரைக் கத்தி நுனியால் நெம்பி எடுத்து, உள்ளேயிருந்து உள்ளங்கையால் மெல்லத் தள்ளி, ஆறு கண்ணாடியையும் வைக்கோல்மேல் படுக்கவைத்தான். சுரண்டச் சுரண்டத் துரு அப்பளமாக உதிர்ந்தது. அரித்த இடத்தை வெட்டியெறிந்து, மண்ணெண்ணெய் டின் தகட்டை வைத்துப் பற்றவைத்தான். எல்லாம் சரி, புது ரப்பருக்கு எங்கே போவது? மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு மதராஸ் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியும் ஒரு முழம் கிடைக்கவில்லை. கடைசியில் அவனுக்கு ஆலம்பால் ஞாபகம் வந்தது. சேக்காட்டு ஏரியில் குருவி பிடிக்கிறவர்கள் அதை எண்ணெய்விட்டுக் காய்ச்சித்தான் குச்சியில் தடவுவார்கள்; ஒட்டினால் ஒட்டினதுதான். அங்கே இருந்த ஒரே பெரிய ஆலமரம் முனீஸ்வரன் கோயில் மரம். சாமி மரத்தைக் கீறுகிறவன் அதனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கீறவேண்டும். வேம்புலி மரியாதை தெரிந்தவன். கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தவன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாம் வைத்து, கல்யாணத்துக்கு அழைக்கிறமாதிரி, "குடும்பத்தோட வந்து எங்க வண்டியில குந்திக்கணும்" என்று கேட்டுக்கொண்டான். இறங்கிய பாலைக் காய்ச்சி, அதை வைத்தே ஆறு கண்ணாடியையும் ஒட்டினான். மரம் வந்துவிட்டது.

முதல் கொழுந்து வந்த நாலே நாளில் ஆறு ஜன்னலும் கிளைவிட்டன. உள்ளே விழுது இறங்கியது. நின்றுகொண்டு போகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வெற்றிலை போடுகிற நேரத்துக்குமேல் பஸ் ஓரிடத்தில் நின்றால் சக்கரத்தடியில் வேர் பிடித்தது. தாட்சாயிணி ஷெட்டுக்கு ஓடினாள்.

"இன்னா பண்ணி வச்சிகீறே வேம்புலி? ஜன்னலு போடச் சொன்னா தோப்பு போட்டுகீறியே! கயட்டிப் போடு."

"கத்தி எறங்க மாட்டேங்குதும்மா. கீறினா பால்தான் வருது. நாமளே கூப்ட்டுக் குந்தவச்சுட்டு எப்டிம்மா எய்ந்து போன்னு சொல்றது?"

இந்த வண்டிக்கு எந்த மகராசன் பெர்மிட் கொடுப்பான் என்று அவள் அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதாள். வேம்புலிக்கும் அழுகை வந்தது.

பதினைந்தாம் தேதி இன்ஸ்பெக்டர் வந்தபோது மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. அவர் இலைகளைப் பார்த்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆவடிவரை போய்த் திரும்பினார். வழியெல்லாம் தாட்சாயிணி பின்சீட்டிலிருந்து அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது அவருடைய கால்சட்டை மடிப்புக் கலையாமல் உலர்ந்திருந்தது. சட்டப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். ஜன்னல் ஒழுகக்கூடாது என்று இருந்தது. துளிர்க்கக்கூடாது என்று எங்கும் இல்லை.

"கிளையை ஒரு முழத்துக்குமேல வெளியே விடாதீங்க. எதிர்ல வர்றவன் கண்ணைக் குத்தும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பெர்மிட்டைக் கண்டக்டர் லோகநாதன் வாய்விட்டுப் படித்தான். இருக்கை இருபது, ஜன்னல் ஆறு, நிழல் உண்டு. தாட்சாயிணி இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நடைக்கு நேரமாகிறது என்று எல்லோரையும் அதட்டினாள். மழைக்காலம் போய் வெயில் ஏறிய பிறகு, தினமும் முதல் நடை கிளம்புமுன் அவளே கிணற்றடியில் நின்று குரல் கொடுப்பாள்: "லோகநாதா, இஞ்சினுக்கு ஒரு கொடம், ஜன்னலுக்கு ஒரு கொடம்!"