சுண்ணாம்புக் கோடு

தபாலில் வந்த தாளில் எல்லாம் தெளிவாக இருந்தது. டென்னிஸ் ஆட்டத்தில் கோட்டு நடுவராகத் தொண்டு செய்ய முன்வந்தவர்கள் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். ஊதியம் கிடையாது, தேநீர் உண்டு. உடை வெள்ளை. அந்தக் கடைசி வார்த்தையில்தான் வீட்டில் சண்டை தொடங்கியது. சிவகாமசுந்தரி இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவையை உதறி விரித்தபோது அண்ணி பாக்கியலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

“கல்யாணம் ஆகாத பொண்ணு கட்டுற சேலையா இது? நல்லா இருக்கு லா. தெருவுல பாக்குறவங்க என்னன்னு நினைப்பாங்க?”

“தினமும் வெள்ளை யூனிஃபார்ம்லதானே அண்ணி வேலைக்குப் போறேன்.”

“அது கவுனு. இது சேலை.”

அண்ணன் வடிவேலு ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அதோடு பேச்சு முடிந்தது என்று பொருள். “நாலாயிரம் ஆம்பளைங்க சுத்தி உக்காந்திருக்க, நடுவுல நாற்காலி போட்டு உன்னை உக்கார வைக்கிறாங்களா? சம்பளம் குடுத்தாலாச்சும் வேலைன்னு சொல்லிக்கலாம். சும்மா எதுக்கு? நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்.”

பதினோரு வருடமாகச் சுந்தரி மருத்துவமனையில் தாதி. முதல் ஆறு வருடங்கள் தாதியர் விடுதியில் இருந்தாள். விடுதிக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் தரை இருந்தது. வேலை முடிந்து வந்த சோர்வோடு மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் இருட்டும்வரை திரும்பமாட்டாள். அம்மா இறந்ததும், தனியாக எதற்கு என்று அண்ணன் டன்லப் ஸ்திரீட்டில் இருந்த தன் மாடி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். மட்டை கட்டிலுக்கு அடியில் போனது. இப்போது 1961, அவளுக்கு முப்பத்தொரு வயது முடிந்துவிட்டது. மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு நின்றுபோனதாக யாரும் அறிவிக்கவில்லை. ஒரு நாள் அவளாகவே கவனித்தபோது அது நின்றுபோயிருந்தது. விடுமுறை நாட்களில் ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடுவே பதினான்கு எட்டு வைத்துப் போவாள், வருவாள், மறுபடியும் போவாள். கால்ல சக்கரமா கட்டியிருக்கு என்பாள் அண்ணி. தொழில்முறை டென்னிஸ்காரர்கள் எட்டுப் பேர் ஊர் ஊராகச் சுற்றி வருகிறார்கள், சிங்கப்பூரில் மூன்று நாள் ஆடுகிறார்கள், ஆட்டம் தெரிந்த தொண்டர்கள் தேவை என்று மருத்துவமனைப் பலகையில் அறிவிப்பு ஒட்டியபோது, அவள் யோசிக்கக்கூட இல்லை. கை பேனாவை எடுத்துப் பெயரை எழுதிவிட்டது. நோயாளியைப் பார்ப்பதற்கல்லாமல் வேறொன்றைப் பார்ப்பதற்குத் தன் கண்கள் யாருக்கோ வேண்டியிருக்கின்றன என்பதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? புடவையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஃபேரர் பார்க் மைதானத்தில் புல்தரையைச் சுற்றி மரப்பலகைகளால் கேலரி போட்டிருந்தார்கள். கோட்டு நடுவர்களுக்குத் தலைவராக இருந்தவர் அஹமது கபீர். வக்கீல் ஆபீசில் தலைமை கிளார்க். ஐம்பது வயதிருக்கும். சொங்கோக் தொப்பியை நேராக்கிக்கொண்டு, பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்: “பந்தைப் பாக்காதீங்க. கோட்டைப் பாருங்க. பந்து தானா அங்க வரும். பாக்க முடியலன்னா ரெண்டு கையாலயும் கண்ணை மூடிக் காட்டுங்க, அம்பயர் முடிவு பண்ணிக்குவார். அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.” பிறகு அவளைப் பார்த்து, “மிஸி, உங்க குரல் கேக்குமா?” என்றார். கேட்கும் என்றாள். வெள்ளிக்கிழமை அவள் இருபது முறை கூவினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. வீட்டுக்கு நடந்து வந்தபோது கால்களில் களைப்பே இல்லை.

சனிக்கிழமை அரையிறுதி. ஒரு பக்கம் வார்டன் என்ற ஆஸ்திரேலியன், இருபத்துமூன்று வயது, கொக்கு மாதிரி உயரம். மறுபக்கம் மணிலாவிலிருந்து வந்த பெனிட்டோ. குள்ளமானவர், நாற்பதைத் தொட்டிருப்பார், வலது முழங்காலில் பட்டி சுற்றியிருந்தார். கேலரி முழுவதும் பெனிட்டோவின் பக்கம் இருந்தது. நம் நிறத்தில் ஒருவன் வெள்ளைக்காரனை ஓட ஓட விரட்டுவதைப் பார்க்க துறைமுகத் தொழிலாளிகளும் கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெனிட்டோ பந்தை ஓங்கி அடிக்கவில்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று வைத்தார், வார்டன் ஓடிக் களைத்தான். மூன்றாவது செட்டின் முடிவில் பெனிட்டோவுக்கு ஒரே ஒரு புள்ளி தேவைப்பட்டது. ஜெயிப்பவர் நாளை இறுதி ஆட்டத்துக்குப் போவார், தோற்பவர் ஊருக்கு விமானம் ஏறுவார்.

பெனிட்டோ ஓரக்கோட்டை ஒட்டி, சுந்தரி உட்கார்ந்திருந்த பக்கமாக அடித்தார். அந்தக் கணத்தில் எதிர்க் கேலரியின் படியில் ஒரு கட்டம்போட்ட சட்டை, கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு, உயர்ந்த ஒரு கை. வடிவேலு. வரவே மாட்டேன் என்ற அண்ணன் அவளைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கண் இமைக்கும் நேரம்தான். பந்து தரையில் மோதும் ஓசை கேட்டது. கண்கள் திரும்பி வருவதற்கு முன்பே அவளுடைய கை பக்கவாட்டில் நீண்டுவிட்டது. “அவுட்!” வார்டில் ஸ்ட்ரெச்சரைக் கூப்பிடும் அதே தெளிவான குரல். பிறகுதான் கோட்டைப் பார்த்தாள். கோட்டின் மேல் கொஞ்சம் சுண்ணாம்புத் தூசி, வெயிலில் வெண்மையாக, இன்னும் கீழே இறங்காமல் மிதந்துகொண்டிருந்தது.

“கப்பூர்! கப்பூர்!” என்று அந்தப் பக்கத்துக் கேலரி சுண்ணாம்பைக் காட்டி மலாயில் கத்தியது. சுண்ணாம்பு பறந்தது, பந்து கோட்டில்தான் பட்டது என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. உயர்ந்த நாற்காலியில் இருந்த வெள்ளைக்கார அம்பயருக்கு பந்தை நோக்கி ஓடிய வார்டனின் உடம்பு மறைத்திருக்க வேண்டும். அவர் குனிந்து, நிச்சயமாகச் சொல்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெனிட்டோ மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவளையே பார்த்தார். கோபம்கூட இல்லாத பார்வை அது. இரண்டு கைகளாலும் கண்களை மூடிக் காட்டியிருந்தால் போதும். கைகள் லேசாக எழவும் செய்தன. ஆனால் நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருவர் அண்ணன். வந்த முதல் நிமிடத்திலேயே தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்க வேண்டுமா? சுந்தரி கையை மறுபடியும் பக்கவாட்டில் நீட்டினாள். அப்படியே வைத்திருந்தாள்.

கால் மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது. பெனிட்டோ தோற்றார்.

வெளிவாசலில் நெரிசல். வெள்ளைக்காரனுக்கு வால்பிடிக்கிறவள் என்று யாரோ தமிழிலேயே கத்தினான். அதற்குப் பதிலாக எழுந்த குரலைக் கேட்டதும் சுந்தரி ஓடினாள். “யாருடா அவன்? அவ என் தங்கச்சிடா! ஊசி போட நரம்பை ஒரே தடவையில கண்டுபிடிக்கிற கண்ணு அது. அவ அவுட்டுன்னா அவுட்டுதான்!” அவள் போய்ச் சேர்வதற்குள் கைகலப்பு தொடங்கி முடிந்திருந்தது. வடிவேலுவின் கீழுதடு கிழிந்து, கட்டம்போட்ட சட்டையில் ரத்தம் சொட்டியிருந்தது. அஹமது கபீர் கூட்டத்தை விலக்கிவிட்டு அவளிடம் வந்து, “பயப்படாம நின்னீங்க மிஸி. நாளைக்கு ஃபைனல்லயும் நீங்கதான்” என்றார்.

வீட்டில் அவள் காயத்தைக் கழுவி மருந்து போட்டாள். பஞ்சு உதட்டில் படும்போதெல்லாம் அண்ணன் முகத்தைச் சுளித்தார், ஆனால் பேசுவதை நிறுத்தவில்லை. கல்யாண வீட்டில்கூட அவர் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. “அந்த வெள்ளைக்காரன் குனிஞ்சு கேக்குறான் பாக்கியம், இவ அசையலையே. கையை நீட்டினா நீட்டினதுதான். எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு.” அண்ணி எழுந்து போனாள். சற்று நேரம் கழித்து சுந்தரி பின்கட்டுக்குப் போனபோது, அண்ணி அந்த வெள்ளைப் புடவையைத் தானே துவைத்து, நீலம் போட்டு, கொடியில் சுருக்கம் இல்லாமல் இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு சுந்தரிக்கு உட்கார முடியவில்லை. பதினான்கு எட்டு போனாள், பதினான்கு எட்டு வந்தாள்.

விடிந்ததும் வார்டுக்குப் போவதுபோல் கிளம்பி ஜாலான் புசார் தெருவுக்கு நடந்தாள். ஆட்டக்காரர்களில் சிலர் அங்கே ஒரு சிறிய ஹோட்டலில் தங்கியிருப்பதாகத் தேநீர் நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெனிட்டோ வெளியே கடைகளை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில், இரும்புக் கடையின் மூடிய கதவுக்கு முன்னால், பெட்டியோடும் மூன்று மட்டைகளோடும் டாக்சிக்குக் காத்திருந்தார். அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“நேற்று அந்தப் பந்து உள்ளேதான் விழுந்தது” என்றாள் ஆங்கிலத்தில்.

“தெரியும்.”

“நான் பார்க்கவில்லை. பார்க்காமலே சொல்லிவிட்டேன்.”

“அப்படியென்றால் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?”

“எங்கள் அண்ணன் வந்திருந்தார். வரவே மாட்டேன் என்று சொன்னவர்.”

அவர் பட்டி சுற்றிய காலை மாற்றி வைத்தார். “வாசலில் அடிபட்டாரே, அவரா?”

“ஆமாம்.”

“உதடு எப்படி இருக்கிறது?”

“வீங்கியிருக்கிறது.”

டாக்சி வந்து நின்றது. மட்டைகளைப் பின் இருக்கையில் படுக்க வைத்துவிட்டு அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். “இதுதான் என்னுடைய கடைசிச் சுற்று, மிஸ். அந்தப் பந்து உள்ளே விழுந்தது என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். தோற்றவன் எல்லாரும் சொல்வதுதான் என்பார்கள்.” கொஞ்சம் யோசித்தார். “இனிமேல் எனக்காவது சந்தேகம் வராது.” சிரிக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. மன்னித்துவிட்டாரா, குத்திக்காட்டினாரா என்று அவளுக்குப் புரியவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்த வாக்கியத்தை இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

மதியம் வடிவேலு உதடு வலிக்கிறதென்று கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இன்று இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஃபைனலுக்கு வரப்போவதாகச் சொன்னார்.

“அண்ணே, நேத்து அந்தப் பந்தை நான் பாக்கல.”

“என்னது?”

“நீங்க கையைத் தூக்கினீங்க. நான் உங்களைத்தான் பாத்தேன். பந்து கோட்டுல பட்டுருந்துச்சு. தெரிஞ்சும் மாத்திச் சொல்லல.”

அவர் கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தார். ஒரு சத்தமும் வராமல், மெதுவாக வைத்தார். “அப்ப என்கிட்ட சண்டைக்கு வந்தவன் சொன்னது நிஜம்.”

“நிஜம்தான்.”

“நானும் அவனை அடிச்சேன் சுந்தரி. மூக்குல ரத்தம் வந்துச்சு அவனுக்கு.” அவள் முகத்தை ஒருமுறை, புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அண்ணி கஞ்சிக் கிண்ணத்தை எடுக்காமல் நின்றாள். “எதுக்குடி சொன்னே? யாரு கேட்டா உன்னை?” பிறகு உள்ளே போய், மடித்து வைத்திருந்த புடவையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.

மைதானத்தில் அஹமது கபீர் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பெயர்ப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டார். “ஸ்கோரை இனி யாராலயும் மாத்த முடியாது மிஸி. ஆனா இன்னிக்குக் கோட்டுல உங்களை உக்கார வைக்க மாட்டேன்.”

சரி என்று திரும்பி நடந்தாள்.

“எங்க போறீங்க? நெட்டுக்கு ஆள் இல்ல. அங்க கண்ணு அவ்வளவா வேண்டாம். விரல் போதும்.”

அதனால் இறுதி ஆட்டத்தில் அவள் வலைக்கம்பத்தை ஒட்டிய குட்டை நாற்காலியில், எல்லாருக்கும் கீழே உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறை பந்து போடும்போதும் முன்னால் சாய்ந்து, வலையின் மேல் விளிம்பில் விரலை வைக்க வேண்டும். பந்து லேசாக உரசிப் போனாலும் உள்ளே ஓடும் கம்பி அதிரும். அதிர்ந்தால் “நெட்” என்று கூவ வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவள் இரண்டு விரல்களை, மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோல், மெல்ல வைத்தாள். எதிர்க் கேலரி நிறைந்துகொண்டிருந்தது. பலகைகள் மேல் தாமதமாக வந்தவர்களின் காலடிகள் தடதடத்தன. அவற்றில் ஒன்று பாதிப் படியில் நின்றது. யாராகவும் இருக்கலாம். கழுத்து அந்தப் பக்கம் திரும்பத் துடித்தது. அவள் திருப்பவில்லை.

வார்டன் பந்தைத் தரையில் இரண்டு முறை தட்டி, மேலே எறிந்தான். கூட்டம் அடங்கியது. இழுத்துக் கட்டிய கம்பி அவளுடைய விரல் நுனிகளுக்கு அடியில், பந்து இன்னும் வந்து சேராதபோதே, மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.