பொன்முடி வளைவில் மண்சரிவு

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, அதற்குள் வகுப்பறைகளைக் காலிசெய்ய வேண்டும் என்று நிவாரணக் கேம்பில் சொல்லிவிட்டார்கள். திருவனந்தபுரம் கடற்கரையில், வலியதுறையில் பொன்செல்வியின் வீட்டைக் கடல் கொண்டுபோய்ப் பதினொரு நாளாகிறது. அன்றிலிருந்து ஏழு குடும்பங்களோடு மூன்றாம் வகுப்பு அறையில் ஒரு பாய் அகலத்தில்தான் அவளும் கணவன் ஷிபுவும் மகள் அனுஷாவும் கிடந்தார்கள். புரண்டு படுத்தால் அடுத்தவர் முழங்கை இடிக்கும்.

“நீ மோளக் கூட்டிட்டு அம்மாட்ட போ. வள்ளத்த விட்டுட்டு ஞான் எங்ஙன வரும்?” என்றான் ஷிபு. மீன்பிடி வள்ளம்தான் அவன் பிழைப்பு.

அம்மா மாடம்மாளுக்குப் பொன்முடி மலையில், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறை. மழை பிடித்துவிட்டால் அங்கே போன் கிடைக்காது. வீடு போனதையும் சொல்லாமல், வருவதையும் சொல்லாமல் பொன்செல்வி மகளோடு பஸ் ஏறினாள்.

மலையில் பாதி வளைவுகள் ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. கண்டக்டர் பிஜு இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். “சேச்சி, இனி மேலே போகில்லா. மண்ணு இடிஞ்சு கிடக்குது.”

பின்னால் திரும்பலாம் என்றால், கீழ் வளைவில் மரம் ஒன்று ரோட்டை அடைத்துச் சாய்ந்துவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மழைக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டதால் உள்ளே மூச்சு முட்டியது. அனுஷா தண்ணீர் கேட்டு அழுதாள். பாட்டில் காலி.

மூன்று மணி நேரம் கழித்துத் தீயணைப்புக்காரர்கள் வந்து மண்சரிவின் குறுக்கே கயிறு கட்டி, மேலே மாட்டிக்கொண்டவர்களை ஒவ்வொருவராக இறக்கினார்கள். நான்காவதாக, தலையில் துணிமூட்டையோடு வந்தது மாடம்மாள்.

பொன்செல்வி அனுஷாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினாள். “எம்மா! எங்க போற?”

“ஒன் வீட்டுக்குத்தாண்டி. லயத்துச் செவரு பொளந்துட்டு. ஆபீஸருங்க வந்து எல்லாரையும் எறங்கச் சொல்லிட்டாங்க. நீ எதுக்கு இந்த மழையில பிள்ளையத் தூக்கிட்டு வந்த?”

மாடம்மாள் மகளின் தோளில் தொங்கிய பையை விரித்துப் பார்த்தாள். ரேஷன் கார்டு, பாய், பிள்ளையின் சிலேட்டு.

“வீடு போச்சா?”

“போச்சும்மா.”

மரத்தை அறுத்து வழிவிட்டதும் பஸ் இறங்கியது. ரப்பர் தோட்டங்களும் மரவள்ளிக் கொல்லைகளும் கடந்து, மலைக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள நெடுமங்காடு வந்தபோது பொன்செல்வி திடீரென்று எழுந்து இருவரையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை டிக்கெட் இருந்தது. அங்கே போய் என்ன செய்வது?

சந்தைக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. ஷிபுவுக்குப் போன் செய்தாள். நெடுமங்காட்டில் இறங்கிவிட்டதைச் சொன்னாள்.

“அவிட கடல் இல்லல்லோ செல்வி. ஞான் எந்து செய்யும்?”

“இங்க மண்ணு இடியாது. தண்ணி வராது. வேற எங்க போகச் சொல்ற?”

“ஞான் வள்ளத்துல கிடந்துக்கிறேன். ஞாயிறு ஞான் அவிட வரும்” என்று போனை வைத்துவிட்டான்.

மாடம்மாள் சன்னலைத் திறந்தாள். ஒரு முழத்தில் அடுத்த கட்டிடத்துச் சுவர். சன்னலைச் சாத்திவிட்டு, பேத்திக்குக் கஞ்சி வைக்கப் பாத்திரம் தேடினாள்.