பஞ்சநாதன் வேட்டியில் ஒட்டிய கொல்லை

உடையார்பாளையத்தில் பூவிழி சார்ட் தாளில் தூவிய இரும்புத்தூள், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, இறந்துபோன அவள் அப்பாவின் முந்திரிக்கொல்லையை வரைந்தது. அன்று தக்காளி கிலோ நாற்பது ரூபாய். டியூஷன் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்திருந்தாள். தூள், கிரில் பட்டறையில் கூட்டி அள்ளியது. காந்தத்தின் மேல் தாளை வைத்துத் தூளைத் தூவி விரலால் தட்டினால் வளைவு வளைவாகக் கோடுகள் வர வேண்டும். வந்தவை நான்கு வரப்பு, ஒரு கிணறு, முப்பத்திரண்டு மரங்கள். வடகிழக்கு மூலையில் மட்டும் தூள் முள் முள்ளாக எழுந்து நின்றது. அப்பா எல்லைக்கல் நட்டிருந்த இடம் அது. அவருடைய காரியம் முடிந்த வாரமே அந்தக் கல்லைப் பிடுங்கி, பதினோரு மரம் தன் பக்கம் வரும்படி நகர்த்தி நட்டவர் அவர் தம்பி பஞ்சநாதன். காந்தமும் தாளுமாகப் பலகையில் ஏந்திக்கொண்டு நேரே சித்தப்பா வீட்டு வாசலுக்குப் போனாள்.

வேட்டியில் ஒரு பொட்டுக் கறை பட்டால் சோறு இறங்காத மனிதர் அவர். “கட்டிக் குடுத்தாச்சு, பொட்டப்புள்ளைக்கு எதுக்கும்மா கொல்ல?” என்றார்.

“கல்லப் புடுங்கினது யாரு? அத மொதல்ல சொல்லுங்க சித்தப்பா!”

அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. பஞ்சநாதன் சிரித்துக்கொண்டே குனிந்து தூளை வாயால் ஊதினார். அதுதான் அவர் செய்த தப்பு. தூள் பறந்து சுழன்று அவர் வேட்டியிலேயே ஒட்டியது, வரப்பு, கிணறு, மரம், கல் எல்லாம் அதனதன் இடத்தில்.

உதறினார், போகவில்லை. வெளுக்கப் போட்டார், போகவில்லை. புது வேட்டி கட்டினாலும் முழங்காலுக்கு மேல் கொல்லை வந்து உட்கார்ந்தது. கல்யாணப் பந்திகளில் எதிர்வரிசைக்காரர்கள் மரத்தை எண்ணியபடி சாப்பிட்டார்கள். “அதுக்கெல்லாம் ரெக்கார்டு இல்லம்மா” என்று பூவிழியை இரண்டு வருடம் அலையவிட்ட சர்வேயர், மூன்றாம் வருடம் தானே வந்தார். பஞ்சநாதனைக் கொல்லை நடுவே நிறுத்தி, “அசையாம நில்லுங்க சார்” என்று சொல்லி, வேட்டியைப் பார்த்துப் பார்த்து அளந்து, கல்லைப் பழைய இடத்தில் நட்டார். ஃபைலில் ஆதாரம் என்ற இடத்தில் வேட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மரங்கள் வந்துவிட்டன. பூவிழிக்குக் கோபம் மட்டும் போகவில்லை. சித்தப்பா எதிரே வந்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரும்புத்தூள் எங்கே அடர்ந்து நிற்கும் என்று பரீட்சையில் கேட்டால், அவளுடைய டியூஷன் பிள்ளைகள் காந்தத்தின் இரு முனைகளிலும், பஞ்சநாதன் வேட்டியின் வடகிழக்கு மூலையிலும் என்று எழுதுகிறார்கள். முழு மதிப்பெண் போடுகிறாள்.