ஃபால்க் வீட்டு ஜன்னலடியில்

எழுபது வயது நிறைந்த அன்று மாலை, லெபரெக்ட் ஃபால்க் கறுப்புக் கோட்டுக்கு எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டு ஜன்னலருகே நிமிர்ந்து நின்றார். ஊர்ப் பாடகர் சங்கத்தார் அவரைக் கௌரவிக்க வாசலுக்கு வருகிறார்கள். கௌரவம் பெறுகிறவர் ஜன்னலைத் திறந்துவைத்து, தலையில் தொப்பியில்லாமல், கடைசிப் பாட்டு முடியும்வரை நிற்க வேண்டும். நடுவில் உள்ளே போனால் பாடுகிறவர்களுக்கு அவமரியாதை.

"குளிருது ஐயா. சால்வையாவது போத்திக்குங்க," என்றாள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் டோரதே.

"சால்வை போத்தினா நோயாளின்னு நினைப்பாங்க."

"போத்தலைன்னா வாலிபன்னு நினைச்சுடுவாங்களா?"

அவர் கோட்டுக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டார். மூன்று தலைமுறையாகத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த குடும்பம். அவர் நான்கு சிம்பொனிகளும் ஓர் ஓபராவும் எழுதினார். ஓபராவைத் தலைநகரில் இரண்டு முறை போட்டார்கள், பிறகு கேட்பாரில்லை. பிள்ளைகள் இல்லை. மனைவி ஹெர்மினே போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. இன்றைக்கு அவருடைய பாட்டு ஒன்றே ஒன்று, அவர் பெயரோடு இந்தத் தெருவில் ஒலித்துவிட்டால் போதும் என்றிருந்தது.

தீவட்டிகளோடு வந்தார்கள். சங்கத் தலைவர் ஹென்னிங், துணி வியாபாரி, தொப்பியைக் கழற்றினார்.

"ஐயா, உங்க பாட்டைத்தான் முதல்ல எடுத்தோம். எங்க தொண்டைக்கு ஏறலைங்க. நம்ம கசாப்புக்கடை யோஸ்ட்டுக்கு ரெண்டாவது வரியிலேயே மூச்சு முட்டிடுச்சு."

"மூச்சா? உசுரே போயிருக்கும்!" என்றார் யோஸ்ட். தெரு முழுக்கச் சிரித்தது.

"அதனால, ஆத்துல மரங்களைக் கட்டி மிதக்கவிட்டுப் போற தெப்பக்காரங்களோட பழைய பாட்டு ஒண்ணு பாடறோம். யாரு கட்டினதுன்னு யாருக்கும் தெரியாது. கோவிச்சுக்காதீங்க."

முதல் அடி எழுந்ததும் ஃபால்க் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

இருபத்திரண்டு வயதில், சாலே ஆற்றங்கரையில் ஹெர்மினேவுக்காக அவர் கட்டிய மெட்டு அது. அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தெப்பக்காரன் பாடுறது இது. இதுல நம்ம வீட்டுப் பேரைப் போடாதே," என்றார். அவரும் போடவில்லை. ஹெர்மினே துணி துவைக்கும் துறையில் அதைப் பாடினாள். அங்கிருந்து தெப்பங்களோடு அது ஊர் ஊராகப் போய்விட்டது. பின்னாளில் அப்பாவின் பேச்சையே அவரும் தம் பேச்சாக்கிக்கொண்டார். இதே சங்கத்து மேடையில் நின்று, தெருப்பாட்டுகளை இளக்காரமாகப் பேசியிருக்கிறார்.

பாட்டு முடிந்தது. யோஸ்ட் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா ஐயா?" என்றார் ஹென்னிங்.

"தெரியும்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டினது என்று சொல்ல வாயெடுத்தார். ஃபால்க் வீட்டுக்காரன் ஜன்னலில் நின்று தன் பெயரைக் கேட்டு வாங்குவதா?

"பொறுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார்.

தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. "போயிட்டாரே! நம்ம பாட்டு அவ்வளவு மட்டமா?"

அவர் பியானோவின் முன் உட்கார்ந்து அந்தப் பாட்டை வாசித்தார். அது முடிந்ததும் நிறுத்தாமல், ஹெர்மினே அவருக்கு மட்டுமே பாடிக்காட்டிய, துறையில் ஒருநாளும் பாடாத கடைசிப் பகுதியையும் வாசித்தார். காது உள்ளவனுக்கு இது போதும். கட்டியவன் யாரென்று தெரிந்துவிடும்.

கைத்தட்டல் அதிர்ந்தது.

"ஒரே தடவை கேட்டுட்டு அப்படியே வாசிக்கிறாரு பாரேன்!" என்றார் யோஸ்ட்.

ஹென்னிங் ஜன்னலை நோக்கிப் பணிவாகக் குரல் கொடுத்தார். "கடைசியில நீங்க சேர்த்தது ரொம்ப அழகுங்க ஐயா. ஆனா, தப்பா நினைக்காதீங்க, அந்தப் பாட்டோட ஒட்டலை. அது படிக்காத சனங்க பாட்டு, பாருங்க."

ஃபால்க் மறுபடி ஜன்னலுக்கு வந்து நின்றார். டோரதே பக்கத்தில் வந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஐயா, இது உங்க பாட்டா?"

"கீழே போய் எல்லாருக்கும் ஒயின் ஊத்து."

"சொல்லிடுங்களேன் ஐயா. நான் வேணா சொல்லட்டுமா?"

"ஒயின்னு சொன்னேன்."

அவள் போனாள். கோப்பைகள் காலியானதும் அவர்கள் உற்சாகமாக அதையே இன்னொரு தடவை பாடினார்கள். அவர் தலையில் ஒன்றும் போடாமல், முறைப்படி, அசையாமல் நின்றார். பாடகர்கள் எப்போதும் நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிட்டு, வாழ்த்துக் கூவி, தீவட்டிகளோடு தெருக்கோடியில் திரும்பிப் போனார்கள்.

மிச்சம் இருந்த பகுதி அவருக்குள்ளேயே ஓடி முடிந்தது. அதன் பிறகுதான் ஜன்னலைச் சாத்தினார்.