பிண வண்டியின் பின்னச்சு

வெர்லின் ஸ்டாம்பரின் கூபே காருக்கு அந்த வருஷத்தில் நான்காவது முறையாகப் பின்னச்சு, அதாவது பின்சக்கரங்கள் இரண்டையும் கோக்கும் இரும்புத் தண்டு, முறிந்தபோது எழுந்த சத்தத்தில், ஸ்டில்ஹவுஸ் பள்ளத்தாக்கு முழுவதும் கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை. கார் 1934-இல் பிறந்தது. அதன் உள்ளே அவன் போன வருஷம் இறக்கிய இன்ஜினோ ஒரு லாரியுடையது. குழந்தையின் இடுப்பில் பயில்வான் ஏறி உட்கார்ந்த கதைதான். மிதித்தால் முன்பக்கம் வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் உடையும்.

நடுரோட்டில் உட்கார்ந்துவிட்ட காரைச் சுற்றி வந்து சிரித்தான் டார்சி கோம்ப்ஸ். வெர்லினின் மனைவி ஐசிக்கு அண்ணன். ஆறடி நாலங்குலம், அதில் வாய் மட்டும் ஓரடி.

"மச்சான், பின்னாடி ரெண்டு கழுதையைக் கட்டிக்கோ. உடைஞ்சா மாத்திக்கலாம்."

 வெர்லினின் கையிலிருந்த ஸ்பானர் பதில் சொன்னது. டார்சியின் தாடையில் பட்ட அடி எதிர்மலையில் மோதித் திரும்பி வந்து இரண்டாவது முறையும் கேட்டது. அடுத்த நிமிஷம் வெர்லின் பக்கத்து வீட்டுப் பன்றிப் பட்டியின் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் விழுந்தான். பன்றிகள் எழுந்து இடம் கொடுத்தன. ஐசி ஒரு வாளி பாத்திரம் கழுவிய தண்ணீரை இருவர் தலையிலும் ஊற்றிய பிறகுதான் பேச்சு பந்தயத்துக்கு வந்தது.

கென்டக்கியின் அந்த மலைப்பக்கத்தில் இப்படிப்பட்ட சண்டைக்கு ஒரே முடிவு உண்டு. கால் மைல் ஓட்டம். தோற்றவன் காரின் உரிமைக் காகிதத்தை ஜெயித்தவன் கையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போக வேண்டும். நாள், நாட்டின் சுதந்திர தினமான ஜூலை நான்கு. இடம், நிலக்கரிக்காகத் தலை சீவப்பட்ட மொட்டைமலை. பாஸ்டர் கோய் காகிதத்தில் எழுதினார், இருவரும் ரத்த விரலால் கையெழுத்துப் போட்டார்கள்.

"இன்னொண்ணு எழுதுங்க பாஸ்டர்," என்றான் டார்சி. "காரோட எந்தப் பாகம் முதல்ல முடிவுக் கோட்டைத் தாண்டினாலும் ஜெயிச்ச மாதிரிதான்."

போன வருஷப் பந்தயத்தில் டார்சியின் முன்சக்கரம் கழன்று, அவனுக்கு முன்னாலேயே கோட்டைத் தாண்டி ஓடி, ஒரு மாட்டை முட்டித் தள்ளிவிட்டுத்தான் நின்றது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஒரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பாஸ்டர் எழுதினார். வெர்லின் தலையாட்டினான்.

தலையாட்டிவிட்டுக் காரின் கூரையை ஒருமுறை தடவினான். நான்கடி உயரச் சுரங்கத்துக்குள் நாள் முழுக்க முழங்காலில் ஊர்ந்து நிலக்கரி வெட்டுகிறவன் அவன். உலகத்தில் அவன் நிமிர்ந்து உட்காருகிற ஒரே இடம் அந்தக் கார். அதன் காகிதம் டார்சியின் சட்டைப் பையில் இருப்பதை நினைத்தாலே முதுகு வளைந்தது.

உடையாத அச்சு ஒன்று வேண்டும். யூலா ராட்லிஃபின் பழைய இரும்புக் கிடங்கில் அப்படி ஒன்று இருந்தது. போன பனிக்காலத்தில் பயணியோடு சேர்த்துப் பள்ளத்தில் உருண்ட பிண வண்டி. எல்லாம் நசுங்கியிருந்தது, பின்னச்சைத் தவிர. யூலாவின் தொடை பருமன் இருக்கும். யூலாவின் தொடை எவ்வளவு பருமன் என்பது நான்கு மாவட்டத்துக்குத் தெரியும்.

வெர்லின் போய்ச் சேர்ந்தபோது டார்சி அச்சின் மேலேயே உட்கார்ந்து கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு எதுக்குடா இது?"

"எனக்கு எதுக்கு மச்சான்? உனக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

யூலா கதவு மேல் சாய்ந்து புகையிலை துப்பினாள். "வாசல் வரைக்கும் எவன் இழுத்துட்டுப் போறானோ அவனுக்கு. ஆனா என் கண்ணாடிச் சாமானை உடைச்சா மண்டை உடையும்."

பன்னிரண்டு மணிக்குத் தொடங்கிய சண்டை, மாலை ஷிப்டின் சங்கு ஊதும்வரை நடந்தது என்கிறார்கள். டார்சி ஒரு கார்க் கதவைப் பிடுங்கி வீசினான். வெர்லின் குனிந்தான். கதவு யூலாவின் ஒன்பது விளக்குக் கண்ணாடிகளை உடைத்தது. யூலா கடப்பாரையோடு இறங்கி வந்து இருவரையும் பாரபட்சமில்லாமல் வெளுத்தாள். டார்சிக்கு இரண்டு முன்பல் போயிற்று. ஒன்று வெர்லினின் தோளிலேயே தங்கிவிட்டது. வெர்லினுக்கு வலக்கையில் இரண்டு விரல் முறிந்தன, இடது கண் கத்தரிக்காய் போல வீங்கி மூடிக்கொண்டது. கடைசியில் டார்சி ஒரு டயர் குவியலின் மேல் மல்லாந்து மூச்சு வாங்க, வெர்லின் அச்சை ஒரு சங்கிலியில் கட்டி, சங்கிலியை இடுப்பில் கட்டி, நாலு காலில் ஊர்ந்து வாசலைத் தாண்டினான். சுரங்கத்தில் கற்ற ஊர்தல் அன்றைக்குத்தான் உதவியது.

கொட்டகையில் மூன்று நாள். பிண வண்டி அகலமானது. ஆகவே அச்சின் இரண்டு கைகளையும் ஒரு சாண் வெட்டிக் குறுக்கி, வெல்டிங் வைத்து ஒட்டினான். பிண வண்டி மெதுவாகப் போகப் பிறந்தது. ஆகவே நடுவயிற்றைத் திறந்து, உள்ளே இருந்த பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு வேகமான ஜோடியை மாட்டினான். அந்த வயிற்றுக்குள் தட்டுபோன்ற பெரிய பல்சக்கரம் ஒன்று இருக்கும். அதை இடதுபக்கம் வைத்தாலும் உட்காரும், வலதுபக்கம் வைத்தாலும் உட்காரும். இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான். ஓட்டுகிறவனுக்குத்தான் ஒன்றில்லை. ஒற்றைக் கண்ணோடு, எட்டு விரலோடு, வெர்லின் அதை உட்கார வைத்து மூடி, அச்சைக் காரின் அடியில் வெல்டிங் வைத்துப் பிணைத்தான்.

ஜாக்கியில் தூக்கி நிறுத்தி முதல் கியர் போட்டதும் சக்கரங்கள் காற்றாடி போலச் சுழன்றன. வெர்லின் ஆனந்தத்தில் கூரையைக் குத்தினான்.

சோளரொட்டிச் சட்டியோடு வந்த ஐசி நின்று பார்த்தாள். "ஏங்க, இது பின்பக்கமா சுத்துற மாதிரி இருக்கே?"

"தூக்கி வெச்சா அப்படித்தான்டி தெரியும்."

"உங்களுக்கு ஒரு கண்ணுதான் திறந்திருக்கு. எனக்கு ரெண்டும் திறந்திருக்கு."

"வாயும் திறந்திருக்கு."

சட்டி வார்ப்பிரும்பு. ஐசி எறிந்தால் குறி தப்பாது. பந்தயம் வரை வெர்லின் அந்த மீதி ஒரு கண்ணாலும் பாதிதான் பார்த்தான். அச்சு மாறியது டார்சியின் காதுக்கு எட்டக் கூடாதென்று, காரை ஓட்டிப் பார்க்காமலேயே, தார்ப்பாய் போர்த்தி இழுத்துக்கொண்டு மொட்டைமலை ஏறினான்.

ஜூலை நான்கு. வெயிலில் மலை வெடித்தது. சனமெல்லாம் வறுத்த கோழியும் புட்டிச் சரக்குமாக உட்கார்ந்திருந்தது. வெர்லின் இடது தடத்தில், டார்சி வலது தடத்தில். பாஸ்டர் கோய் கைக்குட்டையை உயர்த்தினார், போட்டார்.

டார்சி முன்னால் பாய்ந்தான். வெர்லின் பின்னால் பாய்ந்தான்.

பின்னால் என்றால் சும்மா இல்லை. லாரி இன்ஜினின் முழு ஆத்திரத்தோடு. எலுமிச்சை சாறு விற்ற மேஜை பறந்தது. மூன்று மிதிவண்டி, ஒரு டிரம்பெட், பாஸ்டரின் சொந்த வண்டியின் முகம், எல்லாம் ஒரே மூச்சில் போயிற்று. கண்ணாடியில் இதைப் பார்த்த டார்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்த சிரிப்பில் கால் கிளட்ச்சிலிருந்து நழுவியது. அவன் இன்ஜின் ஒரு விக்கல் விக்கி நின்றது.

ரேடியேட்டர் புகைக்கு நடுவே வெர்லினுக்கு எல்லாம் புரிந்தது. பல்சக்கரம் பக்கம் மாறி உட்கார்ந்து, கியரெல்லாம் தலைகீழாகியிருக்கிறது. இனி இந்தக் காருக்கு முன்னால் போக ஒரே கியர், அதுவும் ஆமைக்கானது. பின்னால் போக மூன்று.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல!" என்று கூட்டத்திலிருந்து ஐசி கத்தினாள்.

"சொன்ன, சொன்ன!" என்று கத்திக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்துக் காரை அப்படியே சுழற்றினான். பின்பக்கம் கோட்டைப் பார்த்தது. மிதித்தான்.

முதல் கியர். இரண்டு. மூன்று. பின்பக்கம் முன்னால் ஓடும் காரை ஓட்டுவது, வாலைப் பிடித்து எருதை ஓட்டுவதுதான். கழுத்தைத் திருகி வெளியே நீட்டியபடி இருநூறு அடி இடம், இருநூறு அடி வலம் ஆடிக்கொண்டே போனான். அதற்குள் டார்சியின் இன்ஜினும் உயிர் பிழைத்தது. பாதித் தூரத்தில் இரண்டு கார்களும் ஒட்டி ஓடின. ஒன்று நேராக, ஒன்று பின்பக்கமாக. ஓட்டுகிறவர்களின் ஜன்னல்கள் எதிரெதிரே வந்து நின்றன.

டார்சிதான் முதலில் குத்தினான். எண்பது மைல் வேகத்தில் ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை மச்சான் மூக்கில்.

"திரும்புடா! வழி தெரியாத பயலே!"

"எனக்கு வழி தெரியுது மச்சான், உன் மூஞ்சிதான் மறைக்குது!"

வெர்லின் முறிந்த விரல்களை மறந்து குத்தினான். டார்சியின் மூன்றாவது பல் வெர்லினின் காருக்குள்ளேயே விழுந்தது. டார்சி காதைப் பிடித்து இழுத்தான், வெர்லின் அந்தக் கையைக் கடித்தான். வலியில் டார்சி ஸ்டியரிங்கை விட்டுவிட்டான். அவன் கார் சரிந்து வந்து கூபேயின் இடுப்பில் இடித்தது. ஒற்றைக் கண்ணோடு வைத்த வெல்டிங் அதற்கு மேல் பொறுக்கவில்லை.

காரை அச்சோடு பிணைத்திருந்தது எல்லாம் ஒரே வெடியில் அறுந்தது. கூபே வயிற்றால் தரையில் விழுந்து, தீப்பொறி மழையாய்க் கொட்ட, உறுமியபடி இழுபட்டு, கோட்டுக்கு நாற்பது அடி முன்னால் நின்றுவிட்டது.

அச்சு நிற்கவில்லை. இரண்டு சக்கரங்களோடு, தன் போக்கில், யாரையும் மதிக்காமல், இறுதி ஊர்வலம் தாமதமானதுபோல் விரைந்து ஓடியது. டார்சியின் மூக்குக்கு ஒரு கார் நீளம் முன்னால் கோட்டைத் தாண்டி, கோட்டருகே போட்டிருந்த நடுவரின் நாற்காலியைச் சிராய்களாக்கி, மலை விளிம்புக்கு மூன்றடி முன்னால் போய் நின்றது. நடுவர் ஏற்கெனவே மலையில் மிச்சமிருந்த ஒரே மரத்தில் இருந்தார்.

டார்சி இறங்கி ஓடி வந்தான். "கார் எங்க? கார் இன்னும் வரல! இது வெறும் இரும்பு!"

மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்த பாஸ்டர் கோய், நசுங்கிப்போன தன் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு காகிதத்தை விரித்தார். "எந்தப் பாகம்னாலும்னு போட்டிருக்கு, டார்சி. உன் வாயால சொல்லி எழுதினது. கையெழுத்தும் உன் ரத்தம்."

டார்சி பாஸ்டரை அடித்தான். பாஸ்டர் இரண்டு விநாடி ஜெபித்துவிட்டுத் திருப்பி அடித்தார். அதன் பிறகு மலையில் அடிக்காதவர் யாருமில்லை. டிரம்பெட்காரர் அச்சுக்காரனைத் தேடினார், எலுமிச்சைக்காரி கரண்டியோடு வந்தாள், யூலா தன் ஒன்பது கண்ணாடிக்குக் கணக்கு தீர்க்கக் கடப்பாரையோடு இறங்கினாள். சாயும் வெயிலில் மிச்சமாக நின்றது ஐசி மட்டும். மயங்கிக் கிடந்த அண்ணனின் சட்டைப் பையிலிருந்து அவன் காரின் உரிமைக் காகிதத்தை எடுத்தாள். மயங்கிக் கிடந்த புருஷனின் பையில் வைத்தாள். அதில் ஏற்கெனவே கூபேயின் காகிதம் பத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு ஐசிதான் டார்சியின் காரை ஓட்டினாள். பின்னால் கூபே, பின்பக்கம் ஒரு கட்டை வண்டியில் ஏறி, சங்கிலியில் இழுபட்டு வந்தது. உள்ளே மயக்கம் தெளிந்த வெர்லின் கண் இரண்டும் வீங்கி மூடி, முதுகு நேராக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நடந்தே போக வேண்டிய டார்சி கால் வீங்கி நடக்க முடியாமல், வெர்லினுக்குப் பக்கத்து இருக்கையில் அச்சின் ஒரு நுனியை மடியில் வைத்துக்கொண்டு கிடந்தான். மறு நுனி ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது.

"மச்சான்," என்றான் வெர்லின், "திங்கக்கிழமை வந்து இதை மாட்ட ஒரு கை குடு."

"எந்தக் கை? நல்லா இருந்த கையைத்தான் நீ கடிச்சிட்டியே."

"அப்ப கண்ணைக் குடு. அந்தச் சக்கரம் எந்தப் பக்கம் உட்காருதுன்னு பாரு."

டார்சி யோசித்தான். "மச்சான், அது இருக்கிற பக்கமே இருக்கட்டும்டா. அடுத்த தடவ நான் உன் ஜன்னலுக்கு எதிர்ல வந்து குத்த வசதியா இருக்கும்."