ஒரு மில்லிகூடப் பிசகாத மூன்று நாட்கள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ், பெண்களின் சிறுநீர்ப்பை பற்றிய மருத்துவ ஆய்வு ஒன்றில் வேலை பார்ப்பவர், பேச்சுவாக்கில் சொன்னது. யார், எந்த ஊர் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாதாம். "ஒரு டீச்சரம்மா மூத்திர நோட்டுல நூத்துக்கு நூறு வாங்கினாங்க" என்று ஆரம்பித்தார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மீதியைக் கேட்டபிறகு என் சிரிப்பும் நின்றுபோனது.

எழுத உட்கார்ந்தபோது முதல் வரி இப்படி வந்தது: "சிறுநீர்ப்பை என்பது அடிவயிற்றில் அமைந்துள்ள, தசையாலான ஓர்—" அடித்துவிட்டேன். எட்டாம் வகுப்பு அறிவியல். அடுத்தது: "அவளுக்கு ஒரு ரகசியம் இருந்தது." அதையும் அடித்தேன், யாருடனோ ஓடிப்போகப்போகிறாள் என்று நீங்கள் ஆவலாகிவிடுவீர்கள். மூன்றாம் முறை நேரே விஷயத்துக்கு வந்தேன்.

டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. பாடம், கணக்கு. இரண்டு வருஷமாக அவசரம் வந்தால் அவரால் அடக்க முடிவதில்லை; கழிப்பறைக் கதவைத் தொடுவதற்குள் துணி நனைந்துவிடுகிறது.

[இந்தக் கடைசி வாக்கியத்துக்கு எனக்கு நான்கு நாள் ஆயிற்று. 'அந்தப் பிரச்சினை', 'பெண்களுக்கு வருமே, அது' என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எழுதிப் பிழைக்கிற எனக்கே இந்தக் கதி என்றால், டீச்சரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.]

2

ஒரு நாள் வகுப்பிலேயே நடந்துவிட்டது. முக்கோணம் வரைந்துகொண்டிருந்தவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மணி அடித்து, கடைசிப் பையன் பையை மாட்டிக்கொண்டு போகும்வரை அங்கிருந்து நகரவில்லை. யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறார். நிச்சயமாகத் தெரியாது என்பதுதான் அவரை அரித்தது.

அந்த வாரமே ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டார். 'உடல்நிலை காரணமாக.' இருபத்திரண்டு வருஷ வேலை அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது. கடிதம் கைப்பையில் கிடந்தபோதுதான் ஆஸ்பத்திரிச் சுவரில் ஆய்வைப் பற்றிய அறிவிப்பைப் பார்த்தார். இதிலும் சரிப்படவில்லை என்றால் கொடுத்துவிடுவது என்று முடிவு.

கணவரை முதல் பிரதியில் வில்லனாக்கியிருந்தேன். "தினமும் குடித்துவிட்டு வந்து—" என்று ஒரு பாதி வாக்கியம் இன்னும் என் நோட்டில் நிற்கிறது. கணவனைக் கெட்டவனாக்கினால் கதைக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் நர்ஸ் சொன்ன ஆள் அப்படியில்லை. லிஃப்ட் மெக்கானிக், சாது. மனைவி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்ப்பதை இரண்டு வருஷமாகக் கவனித்தும் ஒரு வார்த்தை கேட்காதவர். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டார். அதை மன்னிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

3

ஆய்வில் சேர வருகிற எல்லாருக்கும் ஒரு நோட்டும், கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையும் தருவார்கள். மூன்று நாளைக்கு, குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு, எத்தனை மணிக்கு, அவசரமா, கசிந்ததா என்று அளந்து எழுத வேண்டும். நோட்டைப் பார்த்துத்தான் ஆளைச் சேர்ப்பார்கள்.

சேர்ப்பார்கள் என்ற சொல்லில்தான் டீச்சர் வழுக்கி விழுந்தார். இருபத்திரண்டு வருஷமாக அட்மிஷன் பார்த்தவர் அவர். யாரைச் சேர்ப்பார்கள், நன்றாக எழுதியவர்களைத்தானே? ரொம்ப மோசமாக இருந்தால், தேறாத கேஸ் என்று திருப்பி அனுப்பிவிட மாட்டார்களா?

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரே உட்காரலில் மூன்று நாளையும் எழுதி முடித்தார். ஆரோக்கியமான பெண்ணுக்கு எவ்வளவு என்று ஃபோனில் பார்த்துக்கொண்டார். குடித்ததற்கு நீல மை, போனதற்குச் சிவப்பு. ஸ்கேலால் கோடு. கசிவு என்ற கட்டத்தில் மட்டும் 'ஒன்று' என்று போட்டார்; ஒன்றுகூட இல்லையென்றால் நம்பமாட்டார்கள் அல்லவா.

[குவளையை அவர் தொடவே இல்லை. அது பாட்டுக்கு அலமாரியில் இருந்ததைக் கணவர் எடுத்துச் சமையலறையில் மாவு அளக்க வைத்துவிட்டார். இதைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நர்ஸ் இந்த இடத்தில்தான் முதல் தடவை சிரித்தார், அதனால் இருக்கட்டும்.]

4

நர்ஸ் மூன்று பக்கத்தையும் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் டீச்சர் கூட்டி எழுதியிருந்தார். குடித்தது ஆயிரத்து எண்ணூறு மில்லி, போனது ஆயிரத்து எண்ணூறு மில்லி. அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் இரண்டு கூட்டுத்தொகையும் சமம். விடை சரியா என்று சரிபார்க்கும் பழக்கம் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"டீச்சர், வேர்வைன்னு ஒண்ணு இருக்கே. அதுக்கு நீங்க எதுவும் ஒதுக்கலையே?"

டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளைகள் எத்தனை பேரை அந்த முகத்தோடு பார்த்திருப்பார். இந்த நோட்டின்படி உங்களுக்கு வைத்தியமே தேவையில்லை, சேர்க்க முடியாது என்று நர்ஸ் சொன்னார். டீச்சரின் கை தன்னையறியாமல் கைப்பையின் மேல் போயிற்று.

நர்ஸ் எழுந்து போய் டாக்டரிடம் பேசினார். சந்தேகமான நோட்டை ஒருவருக்கு ஒரே ஒரு தடவை திரும்பக் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது; அன்று திங்கள். ஆனால் என்ன எழுதினால் சேர்ப்போம் என்று ஜாடைகூடக் காட்டக் கூடாது.

அப்படியானால் நர்ஸ் என்ன சொன்னார்? நான் அவருக்கு இரண்டு வசனம் எழுதிப்பார்த்தேன். "காலங்காலமாகப் பெண்கள் தங்கள் வலியை—" மேடைப் பேச்சு, அடித்தேன். "எங்க அம்மாவும் உங்களை மாதிரிதான்—" வெளியே ஆறு பேர் காத்திருக்கிறார்கள், அம்மா கதைக்கு ஏது நேரம், அடித்தேன். அவர் உண்மையில் சொன்னது இவ்வளவுதான்:

"இது மார்க் போடற பேப்பர் இல்ல டீச்சர். என்ன வருதோ அத எழுதுங்க."

5

மறுநாள் காலையில் டீச்சர் சமையலறையில் குவளையைத் தேடினார். எதற்கு என்று கணவர் கேட்டார். டீச்சர் சொன்னார். இரண்டு வருஷத்தையும் அடுப்படியில் நின்றபடி ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். கணவர் குவளையைக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தார். மாவுக்கு வேறு கிண்ணம் எடுத்துவைத்தார்.

கொஞ்ச நேரத்தில் குளியலறைக் கதவுக்கு வெளியே நோட்டும் பேனாவுமாகக் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

"எவ்வளவு?"

"எழுபது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க. அதுக்கே உயிர் போயிடுச்சு."

வெளியே பேனா ஓடவில்லை. பிறகு கேட்டார்: "என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவர் எழுபது என்று எழுதிக்கொண்டார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், அதனால் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

பள்ளியில் டீச்சரே எழுதினார், விடைத்தாள் கட்டுக்கு அடியில் நோட்டை மறைத்துவைத்து. புதன்கிழமை ஒரு வரி: '11.20. வகுப்பில். அடக்க முடியவில்லை. அளக்கவில்லை.' அடித்தல் திருத்தல், இரண்டு பேர் கையெழுத்து, எதுவும் எதோடும் சமமாகவில்லை. ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை. மூன்று நாளில் ஆறு கசிவு.

வெள்ளிக்கிழமை நர்ஸ் அதை நிதானமாகப் படித்துவிட்டு, சேர்த்தாயிற்று என்றார். [இங்கே கண்ணீர் வைக்க ஆசையாக இருந்தது. டீச்சர் தண்ணீர்தான் கேட்டார். வீட்டைவிட்டு வெளியே வந்தால் சொட்டுத் தண்ணீர் குடிக்காதவர், அன்றைக்கு முழு டம்ளரையும் குடித்தார்.]

6

யாருக்கு எந்த வைத்தியம் என்று குலுக்கிப்போட்டு முடிவுசெய்து உறையில் ஒட்டிவைத்திருந்தார்கள். உறையைப் பிரித்தபோது டீச்சருக்குப் பயிற்சிக் குழு வந்தது. கடிகாரப்படி மணிக்கு ஒருமுறை போக வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும். நடுவில் முட்டினால் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, அடித்தசையை இறுக்கி, அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இடைவெளியை வாரத்துக்குக் கால்மணி நேரம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பன்னிரண்டு வாரம்.

பள்ளியில் ஒரு பீரியட் நாற்பத்தைந்து நிமிஷம். பாதி வகுப்பில் எழுந்துபோக வேண்டியிருக்கும். அதற்குத் தலைமையாசிரியையிடம் சொல்லியாக வேண்டும். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சைலன்ஸர். நடைவழியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் மூன்று வகுப்புகள் அடங்கிவிடும். திங்கட்கிழமை டீச்சர் அவர் அறைக்குப் போனபோது, பையில் நர்ஸ் எழுதிக்கொடுத்த அட்டவணையும் இருந்தது, ராஜினாமாவும் இருந்தது. எதை எடுக்கப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

முதல் முடிவு: முடியாது என்று சைலன்ஸர் சொல்ல, டீச்சர் கடிதத்தை நீட்டுகிறார். கடகடவென்று எழுத வந்தது. கெட்டது எழுத எனக்கு எப்போதும் கை ஓடும். கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: சைலன்ஸர் எழுந்து வந்து டீச்சரைக் கட்டிக்—

மன்னிக்கவும், அந்த அம்மாள் அப்படிப்பட்டவர் இல்லை.

மூன்றாவது, டீச்சர் சொல்லி நர்ஸ் எனக்குச் சொன்னது. டீச்சர் அட்டவணையை எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னார், வகுப்பில் நடந்ததையும் சேர்த்து. சைலன்ஸர் இரண்டே கேள்வி கேட்டார்: ஒரு தடவைக்கு எத்தனை நிமிஷம், எத்தனை வாரம். பிறகு மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து டைம்டேபிளை உருவி, பென்சிலால் குறித்துக்கொண்டார்.

"அந்த அஞ்சு நிமிஷம் நான் வந்து நிக்கறேன். போயிட்டு வாங்க."

டீச்சர் நன்றி சொல்லிவிட்டுக் கதவுவரை போய்விட்டார். கைப்பிடியில் கைவைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. சைலன்ஸர் டைம்டேபிளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டீச்சர், அங்க இன்னும் ஆள் சேக்கறாங்களா?"

7

இந்த இடத்தில் நர்ஸை யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார். டீச்சர் நான்காம் வாரத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரம்வரை வந்துவிட்டார் என்பது மட்டும் பிறகு தெரிந்தது. அந்தப் பயிற்சி எல்லாருக்கும் பலித்ததா என்பது கடைசிப் பெண்ணின் கடைசி நோட்டு வந்துசேரும்வரை யாருக்கும் தெரியாது. முடிவு என்று நான் எதை எழுதினாலும், அது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட முதல் நோட்டு மாதிரிதான் இருக்கும்.

பதிவு முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது என்பது டீச்சருக்குத் தெரியும். நர்ஸின் நம்பரும் தெரியும். சைலன்ஸருக்கு டீச்சர் என்ன பதில் சொன்னார் என்று எழுத நான்கு தடவை முயன்று விட்டுவிட்டேன், நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது இதையே கேட்டால் நீங்கள் சொல்லப்போகிற பதில் என்னவோ, அதையே எழுதிக்கொண்டாலும் சரி. எனக்குத் தெரிந்த கடைசி விஷயம் ஒன்றுதான்: டீச்சர் கைப்பிடியை விட்டுவிட்டு, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.